வலியே இல்லை என்றார்

இந்தத் தொகுப்புக்கு எழுதித் தரச் சொன்னவர்கள், "நீங்கள் பேசித் திருத்திய நோயாளிகளைப் பற்றி எழுதுங்கள், புதிதாக வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு உற்சாகமாக இருக்கும்" என்றார்கள். அந்தக் கதைகள் என்னிடம் மூட்டை மூட்டையாக இருக்கின்றன. கூட்டங்களில் சொல்லிச் சொல்லி எனக்கே சலித்துப்போய்விட்டது. நான் எழுதப் போவது வேறு. என் பேச்சை ஒரு வார்த்தை தட்டாமல் கேட்டு, கடைசியில் ஒரு காலை இழந்தவரைப் பற்றி. உற்சாகம் தேடுகிறவர்கள் இங்கேயே பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

முப்பத்து நாலு வருஷம் அரசு நர்ஸாக இருந்தேன். கடைசி ஏழு வருஷம் திண்டுக்கல்லுக்குக் கிழக்கே ஒரு சுகாதார நிலையத்தில் சர்க்கரை, பிரஷர் நோயாளிகளுக்கு ஆலோசனை சொல்லும் வேலை. எந்த ஊர் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். மாத்திரை கொடுப்பது பக்கத்து ஜன்னலில். என் அறையில் வாய்தான் மருந்து. உப்பைக் குறை, பீடியை விடு, சாராயத்தை விடு, நேரத்துக்குத் தூங்கு, தினமும் நட, கீரை சாப்பிடு. இப்படி இருந்தால் மூளைக்குப் போகிற ரத்தக்குழாய் அடைக்காது, பக்கவாதம் வராது, நரம்பு கெடாது. இதை ஒரு நாளைக்கு எண்பது தடவை, நூறு தடவை சொல்ல வேண்டும். உங்களுக்கும் அதே வேலைதான். நாங்கள் அட்டையில் பேனாவால் டிக் போட்டோம், நீங்கள் டேப்லெட்டில் விரலால் தட்டுகிறீர்கள். வித்தியாசம் அம்புட்டுத்தான்.

எனக்கு வாய் ஜாஸ்தி. அதில் எனக்குப் பெருமையும் ஜாஸ்தி. "நர்சம்மா திட்டுனா நாலு நாளைக்குச் சீனி தொட மனசு வராது" என்று கிழவிகள் சொல்வார்கள். அதைக் கேட்டு உள்ளுக்குள் பூரித்துப்போவேன். இன்றைக்கு யோசித்தால் நான் ஆலோசனை சொல்லவே இல்லை, வாய்ப்பாடு ஒப்பிக்க வைத்தேன். "உப்பக் கொறச்சாச்சா?" என்று கேட்பேன். "ஆச்சு" என்பார்கள். "நடக்குறீங்களா?" "நடக்குறோம்." "கால் மரத்துப் போகலையே?" "இல்ல." கேட்கிற தொனியிலேயே பதிலையும் சேர்த்துக் கொடுத்துவிடுவேன். அதை அவர்கள் திருப்பிக் கொடுப்பார்கள். நான் டிக் போடுவேன்.

அட்டையில் 'கால் பரிசோதனை' என்று ஒரு கட்டம் உண்டு. சர்க்கரை அதிக வருஷம் இருந்தால் பாதத்து நரம்பு செத்துப்போகும், முள் குத்தினாலும் தெரியாது. அதனால் ஆளை உட்கார வைத்து, பாதத்தைத் தூக்கி, அடிப்பக்கமும் விரல் இடுக்கும் பார்க்க வேண்டும். பிறகு கண்ணை மூடச் சொல்லி, கால் விரல்களை ஒவ்வொன்றாக விரல் நுனியால் தொட்டு, "தொடும்போது சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். மொத்தமே மூன்று நிமிஷம். இரண்டு நாள் பயிற்சியில் இதைக் கற்றுக்கொண்டு வந்தேன். நாலு பேருக்குச் சொல்லியும் கொடுத்தேன். நானாக எத்தனை பேருக்குச் செய்தேன் என்று கேட்டால் ஒரு கை விரல் போதும், அதுவும் மேலிடத்திலிருந்து ஆள் வந்த நாட்களில். மற்ற நாளெல்லாம் டிக்தான். இத்தனைக்கும் வருகிறவர்கள் எல்லாரும் செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வெறுங்காலோடுதான் என் எதிரில் உட்காருவார்கள். மேஜைக்கு அடியில், என் காலுக்கு ஒரு முழம் தள்ளி அவர்கள் கால். நான் குனிந்ததில்லை.

இனி அவர். பெயரை மாற்றி முத்தையா என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐம்பத்தைந்து வயதிருக்கும். சம்பங்கித் தோட்டம் வைத்திருந்தார். விடியும் முன் பூப்பறித்து திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோகிறவர். பத்து வருஷமாகச் சர்க்கரை இருந்தும் ஆஸ்பத்திரிப் பக்கம் தலை வைத்துப் படுக்காதவர். அவருடைய அண்ணன் பக்கவாதத்தில் விழுந்ததும் பயந்துபோய் வந்தார். கூட மனைவி அழகம்மாள்.

"எங்கண்ணன் கெடக்குற கெடப்பப் பாத்துட்டு வாரேன் நர்சம்மா. வாய் ஒரு பக்கம், கை ஒரு பக்கம். ஒரு வார்த்தை வெளங்கல. எனக்கு அப்படி ஒண்ணு வந்துறக் கூடாது. நீங்க என்ன சொன்னாலும் செய்றேன்."

"பீடிய விடுவீங்களா?"

"இந்தா" என்று இடுப்பிலிருந்து பீடிக்கட்டை எடுத்து என் மேஜையில் வைத்துவிட்டார்.

எத்தனையோ பேர் வைத்திருக்கிறார்கள். வெளியே போய்ப் புதுக்கட்டு வாங்குவார்கள். இவர் வாங்கவில்லை. டீயில் சீனியை நிறுத்தினார். இரண்டு தட்டுச் சோறு ஒரு தட்டானது. அடுத்த மாதம் வந்தபோது அழகம்மாள் என்னிடம் மல்லுக்கு நின்றாள். "என்னத்தச் சொல்லி அனுப்புனீங்க நர்சம்மா? உப்புப் பத்தலன்னு சட்டியத் தள்ளுற மனுசன், இப்ப உப்பு ஜாஸ்தியான்னு அடுப்படிக்கே வந்து எட்டிப் பாக்குறாரு. ஆற அமர ஒரு கருவாட்டுக் கொழம்பு வைக்க முடியல. வெஞ்சனம் வைக்கிறதா, பரீட்ச எழுதுறதா?" அறையே சிரித்தது. சிரித்தாலும் அவளுக்குப் பெருமைதான், முகத்தில் தெரிந்தது.

ஆறு மாதத்தில் சர்க்கரை இறங்கியது, பிரஷர் இறங்கியது. எனக்குத் தலைகால் புரியவில்லை. அவர் வருகிற நாளில் வராண்டாவில் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் இங்க பாருங்க. முத்தையாண்ணே, செத்த எந்திரிச்சு நில்லுங்க" என்பேன். அவர் கூச்சத்தோடு எழுந்து துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொள்வார். "இவரால முடியுதுல்ல? ஒங்களால ஏன் முடியாது?" என்று ஆரம்பிப்பேன். கைதட்டச் சொல்வேன். மாதா மாதம் நடந்தது இது. "நர்சம்மாவோட செல்லப்பிள்ளை வந்தாச்சுப்பா" என்று மற்றவர்கள் கேலி செய்வார்கள். அவரும் அந்த நாளுக்கென்று வெள்ளைச்சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தார்.

இரண்டாவது வருஷத்தில் ஒரு நாள், அட்டையை எழுதிக்கொண்டிருந்தபோது சொன்னார். "கால் ரெண்டும் மதமதங்குது நர்சம்மா. செருப்பு கழண்டு விழுந்தாக் கூடத் தெரிய மாட்டேங்குது. பத்தடி போன பெறகு திரும்பிப் பாத்தா செருப்பு அங்கன கெடக்கு."

பிள்ளைகளே, இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி சொல்ல முடியாது. புத்தகத்தில் போட வேண்டிய வார்த்தை. நான் தலையை நிமிர்த்தாமல், "அதான் சர்க்கர கொறஞ்சிருச்சுல்லண்ணே, எல்லாம் சரியாப் போயிரும். விடாம நடங்க" என்றேன். அவர் சரி என்றார். கால் பரிசோதனைக் கட்டத்தில் டிக் போட்டேன். அன்றைக்கு வெளியே கூட்டம் அதிகம் என்று சொல்லலாம். கூட்டம் எல்லா நாளும் அதிகம்தான். உண்மை என்னவென்றால், என் செல்லப்பிள்ளைக்கு ஒரு குறை இருப்பதை நான் விரும்பவில்லை. அவரும் அதைப் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அதற்குப் பிறகு காலைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அந்த வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால் வந்தபோது கழுத்தில் மாலை போட்டிருந்தார். "பழனிக்கு நடக்கலாம்னு இருக்கேன் நர்சம்மா. ஊருல இருந்து ஒரு முப்பது பேரு போறோம். மூணு நாள் நடை. நடக்கலாம்ல?"

"தாராளமா நடங்கண்ணே. நடைதான ஒங்களுக்கு மருந்து."

மாலை போட்டவர்கள் செருப்புப் போட மாட்டார்கள் என்பது திண்டுக்கல்காரி எனக்குத் தெரியாதா? தை மாதம் முழுக்க இந்த ரோடு வழியாகப் பச்சை வேட்டியும் காவி வேட்டியுமாக வெறுங்காலோடு ஜனம் போவதைச் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். நான் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். அவர் நேர்த்திக்கடனில் தலையிட்டுச் செருப்பைப் போடுங்கள் என்று சொல்லத் தயங்கினேன் என்று பின்னால் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் ஒப்புக்கொண்டார்கள். அதுவும் பொய். தயக்கமாவது ஒன்றாவது. அவர் காலைப் பற்றிய நினைப்பே எனக்கு வரவில்லை. வந்திருந்தால் கேட்டிருப்பேன், மரத்துப்போன காலுக்கு ரப்பர் செருப்பாவது போட்டுக்கொள்ள வழி உண்டா என்று அவர்கள் குருசாமியிடமே பேசியிருப்பேன். அந்த ஊரில் என் பேச்சுக்கு அவ்வளவு மதிப்பு இருந்தது.

போய்விட்டு வந்தார். அடுத்த ஆலோசனை நாளில் விபூதியும் பஞ்சாமிர்தமும் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். கொஞ்சம் கறுத்திருந்தார். முகம் பளிச்சென்று இருந்தது.

"எப்படிண்ணே இருந்துச்சு?"

"அத ஏன் கேக்குறீங்க. எளவட்டப் பயலுக ஏழெட்டுப் பேரு கால்ல கொப்புளம் வந்து, ஒட்டன்சத்திரத்துலயே பஸ் ஏறிட்டாய்ங்க. எனக்கு வலியே இல்ல நர்சம்மா. ஒரு பொட்டு வலி இல்ல. முருகன் தூக்கிட்டுப் போயிட்டான்."

நான் என்ன செய்தேன் தெரியுமா? "முருகன் மட்டுமா தூக்குனாரு? ரெண்டு வருஷமா நான் கத்துன கத்து எங்க போச்சு?" என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். எழுந்து நிற்கச் சொன்னேன். "இந்த வயசுல பழனிக்கு நடந்துட்டு வந்து, வலியே இல்லங்குறாரு. கேட்டுக்கங்க" என்றேன். கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

வெறுங்காலோடு தார் ரோட்டில் மூன்று நாள் நடந்த ஐம்பத்தேழு வயது மனிதருக்கு வலிக்க வேண்டும். வலிக்கவில்லை என்றால் அங்கே நரம்பு இல்லை என்று அர்த்தம். ஆஸ்பத்திரி கூட்டுகிறவருக்குக்கூட யோசித்தால் புரிந்துவிடும். எனக்குப் புரியவில்லை, ஏனென்றால் நான் யோசிக்கவில்லை, மார்தட்டிக்கொண்டிருந்தேன். இதை எழுதும்போது இப்போதும் காது சுடுகிறது.

அன்றைக்கே குனிந்து பார்த்திருந்தால் பாதத்தில் ஒரு சின்னப் புண் இருந்திருக்கும். கழுவிக் கட்டி, ஊசி போட்டு, காலை ஊன்றாமல் பதினைந்து நாள் உட்கார வைத்திருந்தால் ஆறியிருக்கும். அது முதல் வாய்ப்பு. இரண்டாவதும் ஒன்று கிடைத்தது. கிடைக்கவில்லை என்று சொல்லவும் எனக்கு வழி இல்லை.

அடுத்த வாரம் எங்கள் ஆலோசனை அறையைப் பார்க்க மேலிடத்திலிருந்து மூன்று பேர் வந்தார்கள். சுவரில் புதுப்படம் ஒட்டி, அட்டைகளை அடுக்கி வைத்திருந்தேன். முத்தையாவை அந்த நாளுக்கென்றே வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தேன். வந்தார், அதே வெள்ளைச்சட்டை. அதிகாரிகள் கேள்வி கேட்டார்கள். உப்பு, பீடி, தூக்கம், நடை, எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் சொன்னார். வாய் கோணினால், கை தூக்க முடியாவிட்டால், பேச்சுக் குழறினால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும் என்பதையும் மறக்காமல் சொன்னார். வந்தவர்களுக்கு ரொம்பத் திருப்தி.

அப்போதுதான் பின்னால் நின்ற அழகம்மாள் முன்னால் வந்தாள். "நர்சம்மா, இவரு கால்ல ஒரு..."

முத்தையா திரும்பி அவளைப் பார்த்தார். பேசாதே என்கிற பார்வை. அதை நான் கவனித்தேன், கவனிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். கவனித்த பிறகும் நான் சொன்னது, "பெறகு பேசுவோம்க்கா. வந்தவங்க இருக்காங்கல்ல."

அவள் பின்னால் போய்விட்டாள். அதிகாரிகளுக்குக் காபி கொடுத்தேன், பதிவேடு காட்டினேன். வண்டி ஏற்றிவிட வெளியே போனபோது வராண்டா பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன். அவர் எழுந்து கும்பிட்டார். நான் சந்தோஷமாகக் கையாட்டினேன். ஒரு மணி வரைக்கும் அங்கேயே இருந்துவிட்டுப் போனார்களாம். பிறகு பேசுவோம் என்று சொன்னவள் நான். மறந்துபோனவளும் நான்.

ஐந்தாவது நாள் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். காய்ச்சல் கொதித்தது. வலது காலில் மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசித் துணி சுற்றியிருந்தது. துணியை அவிழ்த்ததும் அறையில் நின்றவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். பெருவிரலிலிருந்து பாதி பாதம் வரை கறுத்திருந்தது. டாக்டர் உள்ளங்காலைக் கழுவிப் பார்த்து, இடுக்கியால் ஒரு சல்லிக்கல்லை எடுத்தார். பட்டாணி அளவு இருக்கும்.

"இது எப்ப குத்துச்சு?"

"தெரியல டாக்டர். பழனிக்குப் போறப்பவா இருக்கும்."

அந்தக் கல்லோடு அந்த மனிதர் அத்தனை நாள் நடந்திருக்கிறார், பூப்பறித்திருக்கிறார், எனக்காக எழுந்து நின்றிருக்கிறார்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். வேலையில் கறார். அட்டையை வாங்கிப் புரட்டினார். மாதா மாதம் கால் பரிசோதனைக் கட்டத்தில் என் டிக் வரிசையாக இருந்தது. கடைசி டிக் ஐந்து நாளைக்கு முந்தியது.

"சிஸ்டர், போன வாரம் கால் பார்த்தீங்களா?"

அழுத்தத்தில் எப்படி முடிவெடுப்பது என்று உங்களுக்கு வகுப்பெடுக்கிறார்கள். நான் எடுத்த முடிவு இதுதான். "பார்த்தேன் டாக்டர். அப்ப நல்லாத்தான் இருந்துச்சு."

வார்த்தை தானாக வந்தது. யோசிக்கக்கூட இல்லை. டாக்டர் என்னை நம்பினார். நம்பிவிட்டு முத்தையா பக்கம் திரும்பி, "அப்ப புண்ணு வந்தும் நீங்கதான் யார்கிட்டயும் சொல்லாம மறைச்சிருக்கீங்க. இவ்வளவு விவரமான ஆளு, இப்படியா செய்வீங்க?" என்று சத்தம் போட்டார். அழகம்மாள் வாயைத் திறந்தாள். முத்தையா அவள் கையைப் பிடித்து அழுத்தினார். என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு டாக்டரைப் பார்த்து, "ஆமா டாக்டர். எந் தப்புதான்" என்றார்.

ஆம்புலன்ஸில் ஏற்றினோம். ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளும்போது என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கை நெருப்பாகச் சுட்டது. "ஒங்க பேரக் கெடுத்துட்டேன் நர்சம்மா. அம்புட்டுப் பேரு முன்னாடி என்னையப் பெருமையாச் சொன்னீங்க. மன்னிச்சிருங்க."

நான் சொன்னேன்: "பரவாயில்லண்ணே. தைரியமாப் போங்க."

பரவாயில்லை என்றேன். நான் மன்னித்தேன் அவரை. பொய் சொன்னதைக்கூட பயம் என்று ஒருவேளை தள்ளிவிடலாம். ஆனால் இந்த ஒரு வார்த்தைக்கு என்னிடம் எந்தச் சமாதானமும் இல்லை. அவர் செய்யாத குற்றத்துக்கு அவர் கேட்ட மன்னிப்பை வாங்கிக்கொண்டு, பெரிய மனுஷி போல ஆறுதலும் சொல்லி அனுப்பினேன். சீ என்றிருக்கிறது.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். உயிர் பிழைத்தார்.

அதற்குப் பிறகு நான் மாறினேன். தினமும் குனிந்தேன். வருகிற ஒவ்வொருவர் பாதத்தையும் மடியில் வைத்துப் பார்த்தேன். சம்பங்கித் தோட்டத்துச் சேறு காய்ந்த கால், தென்னந்தோப்புக் கால், பீடி சுற்றி மரத்த கால். ஆறேழு பேருக்கு ஆரம்பத்திலேயே கண்டுபிடித்து அனுப்பினேன். அதற்காக எனக்கு ஒரு பாராட்டும் கிடைத்தது, சால்வை போட்டார்கள். அந்தச் சால்வையைப் போர்த்திக்கொண்டு மேடையில் நின்றேனே தவிர, முத்தையா வீட்டுக்கு ஒரு நாளும் போகவில்லை. ஆறு கிலோமீட்டர்தான். மாத்திரை வாங்க அழகம்மாள்தான் மாதம் ஒரு முறை வருவாள். நேராக ஜன்னலுக்குப் போய் வாங்கிக்கொண்டு போய்விடுவாள். என் அறைப் பக்கம் திரும்ப மாட்டாள். நானும் அந்த நேரத்தில் எதையாவது எழுதிக்கொண்டிருப்பேன்.

ஓய்வு பெற்ற நாலாவது மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலுக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் பஸ்ஸை மாற்றி ஏறினேன். பாவ சங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் இதைப் பல தடவை சொல்லியாயிற்று. அங்கே சொல்வது சுலபம், கேட்கிறவருக்குக் கால் போகவில்லை.

முத்தையா வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பூத்தொடுக்கிறவர்களுக்கு நார் கிழித்துக்கொண்டிருந்தார். ஒரு பக்கம் ஊன்றுகட்டை. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கப் போனார். "எந்திரிக்காதீங்கண்ணே" என்று கிட்டத்தட்டக் கத்திவிட்டேன். அழகம்மாள் தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து திண்டில் வைத்துவிட்டு நிலைப்படியில் சாய்ந்து நின்றாள். என்னை வா என்று அவள் சொல்லவில்லை.

மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அண்ணே, நான் ஒங்க காலப் பாக்கவே இல்ல. ஒரு தடவ கூடப் பாக்கல. பாத்தேன்னு டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். பழி ஒங்க மேல விழுந்துச்சு" என்று சொல்லிவிட்டு அழுதேன்.

அவர் நாரைக் கீழே வைத்தார். "அழுகாதீங்க. அது எனக்குத் தெரியாதா நர்சம்மா? நீங்க டிக் போடுறத எதுத்தாப்புல ஒக்காந்து பாத்துக்கிட்டுத்தான இருந்தேன்."

"பெறகு ஏன் டாக்டர்கிட்ட சொல்லல?"

"என்னத்தச் சொல்ல? புண்ணு இருக்குறது பழனியில இருந்து வந்த மறுநாளே தெரியும். ரத்தம் பாயில ஒட்டிருந்துச்சு. ஒங்ககிட்டச் சொல்லணும்னுதான் வந்தேன். நீங்க எந்திரிச்சு நிக்கச் சொல்லிட்டீங்க. எம் பொழப்புல என்னைய எவன் கைதட்டிருக்கான்? புண்ணுன்னு சொன்னா அது போயிருமேன்னு இருந்துச்சு. நான் சொல்லல. எந் தப்புந்தான்."

பாராட்டுவது நல்லது என்று உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நானும் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் ஒருவரைக் கூட்டத்தின் முன்னால் நிறுத்திப் பாராட்டினால், அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து உங்களுக்கு உண்மை வராது. நல்ல செய்தி மட்டும்தான் வரும். உங்கள் முகம் வாடக்கூடாது என்று உப்பைக் குறைத்ததாகச் சொல்வார்கள், தூங்கியதாகச் சொல்வார்கள், வலிக்கவில்லை என்று சொல்வார்கள். யார் உங்களிடம் எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்கிறாரோ அவர் காலைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இதை நான் கற்றுக்கொண்டதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, அவர் கொடுத்தார்.

அழகம்மாள் நிலைப்படியை விட்டு முன்னால் வந்தாள்.

"அவரு மன்னிப்பாரு. அவருக்கு நீங்கன்னா சாமி. நான் மன்னிக்க மாட்டேன், சொல்லிட்டேன். அன்னைக்கு நான் வாயத் தொறந்தேன், நீங்க அடச்சீங்க. ஒரு மணி வரைக்கும் அந்தப் பெஞ்சுல குத்தவச்சு இருந்தோம். ஒரு மணி வரைக்கும்!"

"ஏத்தா, விடு" என்றார் முத்தையா.

"எதுக்கு விடணும்? அழுகுறதுக்கு இம்புட்டுத் தூரம் பஸ் ஏறி வரணுமா? வந்ததுதான் வந்தீங்க, இருக்குற இன்னொரு காலையாச்சும் பாத்துட்டுப் போங்க. வேலையச் செய்யுங்க."

அவள் சொன்னது சரி. செம்புத் தண்ணீரில் கையைக் கழுவிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். அவருடைய இடது பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். அடிப்பக்கம், குதிகால், விரல் இடுக்கு. வெடிப்பு இருந்தது, புண் இல்லை. அழகம்மாள் எண்ணெய் தடவிச் சுத்தமாக வைத்திருந்தாள். பாதத்தைக் கீழே கிடந்த ஒரு பலகையில் வைத்தேன். நான் செய்வதை அழகம்மாள் இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ண மூடிக்கங்கண்ணே. ஒவ்வொரு வெரலாத் தொடுவேன். நான் தொடுறப்ப மட்டும் சொல்லணும். தெரியலைன்னா பேசாம இருங்க, அதுவும் சரியான பதில்தான்."

"சரி நர்சம்மா."

கண்ணை மூடிக்கொண்டார். பள்ளிக்கூடத்துப் பிள்ளை போல நிமிர்ந்து உட்கார்ந்தார். எந்த விரலிலிருந்து தொடங்குவது என்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தொட்டுட்டீங்க" என்றார் சிரித்த முகத்தோடு. "பெருவெரலு. நல்லாத் தெரியுது நர்சம்மா."

என் இரண்டு கையும் என் மடியில்தான் இருந்தன.